மைனஸ் நாற்பது

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருபத்திரண்டு வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் ஃபேன் நிற்காத கார்கள் எத்தனையோ இந்த வாசலுக்கு வந்து போயிருக்கின்றன. அதனால் அன்றைக்கு மத்தியானம் பாகீரதியம்மா தன் வெள்ளைக் காரை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கியபோது, பானெட்டுக்குள் ஃபேன் மட்டும் இரைந்துகொண்டிருந்ததைக் கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை. மடியில் டிபன் டப்பா பாதியில் இருந்தது.

"ரிலே ஒட்டிக்கிச்சு மா. அஞ்சு நிமிஷ வேலை. உக்காருங்க" என்றேன்.

பாகீரதியம்மாவுக்கு அறுபத்தொரு வயது. தோம்லூரில் வீடு. தொலைபேசி இலாகாவில் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். ரிடையர் ஆன பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். மகள் வேலைக்காகப் புனேவுக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கார், சும்மா நின்று தூசி பிடிப்பானேன் என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாராம். பல்பு, ஹாரன் என்று எதற்கானாலும் என்னிடம்தான் வருவார். மரியாதையாகப் பேசுவார், அவசரப்படுத்த மாட்டார். இந்தத் தொழிலில் அப்படிப்பட்ட கிராக்கி கிடைப்பது அபூர்வம்.

அன்றைக்கு உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"முனிராஜ், நாலு மணிக்கு இந்தக் காரை எடுத்துண்டு போக ஒருத்தன் வரான். பழைய கார் வாங்கற கம்பெனிக்காரன். எங்காத்துக்காரர் எல்லாம் பேசி முடிச்சுட்டார். நான் இங்கே இருப்பேன்னேன், சரி, அங்கேயே அவனை அழைச்சுண்டு வரேன்னுட்டார்."

"ஃபேனுக்காகவா காரையே விக்கறீங்க?"

"ஒரு மாசமா இப்படித்தான் ஓடறது. பெரிய வொர்க்‌ஷாப்ல காட்டினோம். சென்சார் மாத்தினா. நிக்கலை. காரோட கம்ப்யூட்டரே போயிடுத்து, அதை மாத்தறதுக்கு வித்துடலாம்னுட்டா. இவரானா நான் ஓட்டற லட்சணம்தான் காரணம்கறார். செகண்ட் கியர்லயே உருட்டிண்டு போறேனாம், கிளட்ச்லேர்ந்து காலே எடுக்கறதில்லையாம், எஞ்சினைக் காய்ச்சியே கெடுத்துட்டேனாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "வித்துட்டா அவரோட பெரிய வண்டி ஒண்ணுதான். அதை என்கிட்டே தர மாட்டார். எங்கே போகணும்னாலும் பக்கத்துல உக்காந்துண்டு போகணும். முப்பத்தேழு வருஷம் அப்படித்தான் போனேன். ஓட்டினது போறும்னு எனக்கு இன்னும் தோணலை, முனிராஜ். இப்போதான் ஆரம்பிச்சிருக்கேன்."

டப்பாவை மூடிவிட்டு எழுந்தேன். மணி ஒன்று இருபது.

கம்ப்யூட்டர் போய்விட்டது என்று எவனாவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். எதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. பானெட்டைத் திறந்தேன். ஃபியூஸ் பெட்டிக்குள் தீப்பெட்டியில் பாதி அளவில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் ரிலே. ஃபேனுக்குக் கரண்டை விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. உள்ளே முனை கருகி ஒட்டிக்கொண்டால் ஃபேன் நிற்காது. பிடுங்கினேன், ஃபேன் நின்றது. "பாத்தீங்களா" என்றேன். அலமாரியிலிருந்து புது ரிலே எடுத்துச் சொருகி, அம்மாவிடம் சாவியைப் போடச் சொன்னேன்.

எஞ்சினைக் கிளப்பக்கூட இல்லை. சாவி திரும்பிய உடனே ஃபேன் முன்னைப் போலவே இரைந்தது.

அடுத்த புது ரிலேயைப் போட்டேன். அப்புறம் ஹாரன் ரிலேயைப் பிடுங்கிப் போட்டேன். ஃபேன் நிற்கிற வழியாக இல்லை. எதிர்க்கடை டீக்காரன் வேறு எட்டிப் பார்த்துவிட்டுப் போனான், எனக்கு எரிச்சலாக வந்தது.

"நான் அப்பவே சொல்லலாம்னு பார்த்தேன். நீங்க சாப்பிட்டுண்டு இருந்தேள்" என்றார் பாகீரதியம்மா. "ரிலே ஒட்டிக்கலை."

"எப்படி சொல்றீங்க?"

"சாவியை எடுக்கறேன். பேசாம நில்லுங்கோ."

சாவியை எடுத்தார். ஃபேன் ஓடியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஃபியூஸ் பெட்டிப் பக்கம் தலையைச் சாய்த்தபடி நின்றார். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். 'க்ளிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, ஃபேன் ஓய்ந்தது.

"ஒட்டிண்டதா இருந்தா விடவே விடாது. எங்க எக்ஸ்சேஞ்சுல ஆயிரக்கணக்கா ரிலே இருக்கும், ஒட்டிண்டது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது சுத்தமா பிடிக்கறது, சுத்தமா விடறது. யாரோ இதைப் பிடிச்சு வெச்சுக்கோன்னு சொல்லிண்டே இருக்கா. சொல்றவா நிறுத்தினப்புறம் விட்டுடறது."

சாவியை எடுத்த பிறகு நாலு நிமிஷம் காத்திருந்து கேட்கலாம் என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. ரிலேயைப் பிடுங்குவேன், மாற்றுவேன், அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன். இந்த அம்மா வெறும் காதை வைத்துக்கொண்டு என்னுடைய அரை மணி நேர வேலையை ஒரு சத்தத்தில் முடித்துவிட்டார். பொறாமையாகக்கூட இருந்தது.

ரிலேக்குச் சொல்வது காரின் கம்ப்யூட்டர்தான். அது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க ஸ்கேனர் வேண்டும். என் ஸ்கேனரை சிவாஜிநகரில் கடை வைத்திருக்கும் மச்சான் ரவிக்குமார் ரெண்டு நாளைக்கு என்று வாங்கிப்போய் மூன்று மாசம் ஆகிறது. அவனைத் திட்டிக்கொண்டே போனை எடுத்தேன். அதற்குள் அம்மா வொர்க்‌ஷாப்காரர்கள் ஸ்கேன் எடுத்துக் கொடுத்திருந்த காகிதத்தை நீட்டினார். புது சென்சார் போட்ட பிறகு எடுத்தது. ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எஞ்சின் தண்ணீரின் சூடு என்ற இடத்தில் மைனஸ் நாற்பது டிகிரி என்று போட்டிருந்தது.

"மைனஸ் நாற்பதா? பெங்களூர்லயா?" என்றார் அம்மா.

"சூடு பாக்கற சென்சாரோட ஒயர் எங்கயாவது கட் ஆனா அப்படித்தான் மா காட்டும். கரண்ட் திரும்பி வரலைன்னா, கம்ப்யூட்டருக்கு அது பயங்கர குளிராட்டம் தெரியும்."

"அவ்வளவு குளிர்னு நினைச்சா ஃபேனை நிறுத்தணுமே. ஏன் ஓட்டறது?"

நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். எப்போதோ ஒரு டிரெயினிங்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தெரிந்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டர் அந்த மைனஸ் நாற்பதை நம்புவதில்லை. இப்படி ஒரு குளிர் இருக்க முடியாது, எனக்குத் தகவல் வரவில்லை என்று அதற்குப் புரிந்துவிடுகிறது. சூடு எவ்வளவு என்று தெரியவில்லை. தெரியாதபோது, எஞ்சின் கொதிக்கிறது என்றே வைத்துக்கொண்டு ஃபேனை ஓட்டுகிறது. வீணாக ஓடினால் கொஞ்சம் பேட்டரிதான் போகும். ஓடாமல் இருந்து எஞ்சின் கொதித்தால் எல்லாமே போய்விடும்.

சொல்லி முடித்தபோது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. பதினைந்து வருஷமாகத் தெரிந்த விஷயம். அன்றைக்குத்தான் அது என்ன என்று உறைத்தது. ஒரு மாதமாகக் கண் தெரியாமல் அந்தக் கம்ப்யூட்டர், ஒரு தடவைகூட அலட்சியமாக இருந்துவிடாமல், ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று விற்கப் பார்க்கிறோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, உண்மையாகவே.

அம்மா ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி இருக்கணும்னு இதுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"எந்த தேசத்துலயோ எவனோ உக்காந்து எழுதினது மா."

"எவனோ இல்லை, பொம்மனாட்டியாத்தான் இருப்பா. தெர்மாமீட்டர் உடைஞ்சு போச்சுன்னா குழந்தைக்கு ஜுரம் இல்லைன்னு நினைச்சுக்க மாட்டா."

கைகட்டி நின்றிருந்தவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி, எங்கே அறுந்திருக்குன்னு தேடுங்கோ. நான் என்ன பண்ணணும்?"

"உள்ள உக்காந்து, நான் சொல்லும்போது சாவியைப் போடுங்க."

அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். தூக்கி நின்ற பானெட் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மறைத்தது. புது சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். இரண்டு ஒயர். ஒன்றில் ஐந்து வோல்ட் வர வேண்டும், வந்தது. அது திரும்பிப் போகிற இன்னொரு ஒயரில் உயிரே இல்லை. ஆக கம்ப்யூட்டர் சரியாக இருக்கிறது, சென்சார் சரியாக இருக்கிறது, ரிலே சரியாக இருக்கிறது. நடுவில் ஒற்றை ஒயர் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது.

அந்த ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். பேட்டரிக்குப் பக்கத்தில், எஞ்சின் ஒயர்களும் பாடி ஒயர்களும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய கப்ளர் இருக்கிறது. இரண்டு பாதியாகப் பூட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் பெட்டி. மேல்பக்கம் தட்டையாக, ஒரு கிண்ணம் வைக்கலாம் போல இருக்கும். லாக்கை அமுக்கி இழுத்தேன். லேசில் வரவில்லை. பிளேடால் நெம்பியதும் வந்தது. உள்ளே ஒரு பின் முழுக்கப் பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பச்சைக்கு நடுவில் சிவப்பாக ஒரு கறை. விரலில் தேய்த்துப் பார்த்தேன். குங்குமம்.

கப்ளரின் ஓரத்து இடுக்கில் ஓர் எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜைக்கு என் கடையில் எல்லா வாடிக்கைக்காரர்களின் வண்டிக்கும் நானே பூஜை போடுவேன். இந்த வருஷம் நாற்பத்து மூன்று வண்டி. தெரு முழுக்க வாழைக்கன்றும் சாமந்தியுமாக இருக்கும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது எல்லோரும் செய்வது. நான் அதோடு நிற்க மாட்டேன். பானெட்டைத் திறக்கச் சொல்லி, பழத்தை அரிந்து குங்குமம் தடவி, எஞ்சின் பக்கத்தில் எங்கே தட்டையாக இடம் இருக்கிறதோ அங்கே ஒரு பாதியை அழுத்தி உட்கார வைப்பேன். கீழே விழாமல் இருக்க நன்றாகவே அழுத்துவேன். எலக்ட்ரீஷியன் போடுகிற பூஜை எலக்ட்ரிக்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். இதற்காகவே அவ்வளவு தூரத்திலிருக்கும் கே.ஜி.எஃப்பிலிருந்துகூட ஒருவர் வண்டி கொண்டுவருகிறார்.

ஆக இது என் கை. அந்தச் சாறு ஒயர் வழியாக இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பின்னை அரித்திருக்கிறது. புளிப்பு பட்டால் பித்தளை என்ன ஆகும் என்று தெரியாத எலக்ட்ரீஷியன் உலகத்தில் உண்டா? எனக்குத் தெரியும். பக்தியில் மறந்துபோயிருந்தேன்.

"ஏதாவது தெரியறதா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"கப்ளர்ல கொஞ்சம் லூஸ் மா" என்று சொன்னேன். விதையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அரித்த பின்னை வெட்டிப் புதுசு போட்டேன். மற்றதையெல்லாம் ஸ்ப்ரே அடித்து, பிரஷ் போட்டு, காற்று பிடித்துச் சுத்தம் செய்தேன். கம்ப்யூட்டர் பழசை மறக்கட்டும் என்று பேட்டரி டெர்மினலைக் கழற்றி கால் மணி நேரம் விட்டு மாட்டினேன். மூன்றரை ஆகிவிட்டது.

"போடுங்க மா."

சாவி திரும்பியது. ஃபேன் அசையவில்லை. எஞ்சினைக் கிளப்பினார். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு தன் காரின் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறவர் போல, ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"இதோட முடியலை. சூடேறணும், அப்போ தானா ஓடணும், ஆறினதும் தானா நிக்கணும். அப்போதான் சரியாச்சுன்னு அர்த்தம்" என்றேன்.

காத்துக்கொண்டிருந்தபோதே சுந்தரேசன் சார் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். அம்மாவின் கணவர். செக்ரடேரியட்டில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ரிடையர் ஆனவர். சலவைச் சட்டை, நெற்றியில் மெல்லிய கீற்று. கூட ஸ்ரீஹர்ஷா என்று ஒரு பையன், கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் டேப்லட். வந்ததும் வராததுமாகக் காரைச் சுற்றிப் போட்டோ எடுக்க ஆரம்பித்தான். அம்மா எஞ்சினை அணைக்காமல் இறங்கி வந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஃபேன் ஓட ஆரம்பித்தது.

"பார், ஓடறது" என்றார் சார். "நான் சொன்னேனோல்லியோ."

நான் வாட்சைப் பார்த்தேன். பத்து வினாடி, இருபது. பாகீரதியம்மா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது. வேறு எங்கேயாவது இன்னொரு பின் அரித்திருந்தால்? நாற்பது. பையன்கூடப் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டான். ஐம்பதைத் தாண்டியபோது 'க்ளிக்' என்றது. ஃபேன் சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது.

நாலு பேரும் ஒரு விசிறி நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல சேதி கேட்ட வீடு மாதிரி இருந்தது. எத்தனை ஃபேன் ஓட்டியிருக்கிறேன், நிறுத்தியிருக்கிறேன். ஒரு ஃபேன் தானாகத் தெரிந்துகொண்டு நின்றதைக் கைகூப்பத் தோன்றுகிற மாதிரி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சார்தான் முதலில் பேசினார். "சரி, இப்போ நின்னுது. நாளைக்கு? இத்தனை நாள் இவ ஓட்டின ஓட்டுல எஞ்சினுக்குள்ளே என்ன ஆயிருக்கோ. போறும். பாகீரதி, சாவியைக் குடுத்துடு."

அம்மா அவரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ குனிந்து எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினார்.

லூஸ் என்று நான் சொல்லியிருந்தேன். லூஸ் எதனாலும் ஆகலாம். குண்டு குழியில் ஏற்றி இறக்கினால்கூட ஆகலாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு வார்த்தையும் அந்த அம்மாவின் தலையில்தான் விடியும். ஒன்றும் தெரியாத கம்ப்யூட்டர் ஒரு மாதம் தன் கடமையைச் செய்திருக்கிறது. எல்லாம் தெரிந்த நான் விதையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். விதையை எடுத்துப் பானெட் ஓரத்தில் வைத்தேன். "இது நான் பண்ண தப்பு. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழத்த நான்தான் அந்த கப்ளர் மேல வெச்சேன். சாறு உள்ள போயி பின்ன அரிச்சிருக்கு. அதான் ஃபேன் ஓடிச்சு. அம்மா ஓட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபேன் மட்டும் ஓடலைன்னா எஞ்சின் கெட்டிருக்கும். ஓடினதால எஞ்சின் புதுசாட்டம் இருக்கு."

"ஆயுத பூஜையா?" சார் என்னையும் விதையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க எலக்ட்ரீஷியன்தானே?"

"ஆமா சார். இருபத்திரண்டு வருஷமா."

அதற்கு மேல் அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"ரிங் ரோடுல கார் எரியற வீடியோ தினம் ஒண்ணு வரது. நீ தனியாப் போறே. போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறே."

"ஓட்டறச்சே எப்படி எடுப்பேன்?"

"எடுக்கப்படாது. எனக்குத் தெரியும். ஆனா நீ எங்கே இருக்கேன்னு தெரியலையே. தெரியாதப்போ நான் என்னன்னு நினைச்சுக்கறது?"

அம்மா ஓய்ந்து நின்ற ஃபேனை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் அவரைப் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"போய்ச் சேர்ந்ததும் சொல்றேன்" என்றார்.

ஸ்ரீஹர்ஷா, "ஸ்வல்ப பேகா சார்" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினான். சார் அவனைத் தனியாக அழைத்துப்போய் ஏதோ சொன்னார். அவன் டேப்லட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டான்.

நான் பானெட்டை இறக்கி அழுத்தினேன். கூலி என்ன என்று அம்மா கேட்டார். அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "அடுத்த வருஷமும் பூஜைக்கு வருவேன். பழம் சக்கரத்தோட நிக்கட்டும்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

சார் பழக்கதோஷத்தில் நேராக டிரைவர் பக்கம் போய்க் கதவின் பிடியில் கையை வைத்தார். அம்மா அசையவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நகர்வதற்காகக் காத்திருந்தார். சார் கையை எடுத்தார். காரின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். அம்மா ஏறி உட்கார்ந்து, உள்ளிருந்தே எட்டி அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவர் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடிப் போட்டுக்கொள்ளும்வரை வண்டியை எடுக்கவில்லை.